புகை போன வழி – 11: ராயப்பேட்டை ரோட்டில் ஓடிய மின்சாரம்

சென்ற வாரம் ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். ஏறத்தாழ 58 வருடம் சென்னைத் தெருக்களில் மின்சாரத்தில் ஓடிய டிராம், 1953-ல் சித்திரை பிறக்க ஓரிரு நாளே இருந்தபோது ஏன் நின்றது? அதைக் காப்பாற்ற யாராலும் முடியாமல் போனதா, யாருக்கும் மனமில்லையா?

பதிலைத் தேடி ராயப்பேட்டை நெடுஞ்சாலைக்குப் போவோம். மயிலாப்பூர் டிராம் பாரிமுனையிலிருந்து வந்து, மவுண்ட் ரோட்டை விட்டு ராயப்பேட்டைக்குள் நுழைந்து, லஸ் முனையைத் தொட்டு, கச்சேரி ரோடு வழியாகச் சாந்தோம் பக்கம் போகும். முன்மேடையில் ஓட்டுநர் நின்றபடியேதான் ஓட்டுவார். ஒரு கையில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கைப்பிடி, மறு கையில் பிரேக், காலடியில் மணி. கூரைமேல் நீண்ட கம்பு ஒன்று சாய்ந்து நிற்கும். அதன் நுனியிலிருக்கும் சின்னச் சக்கரம் மேலே செல்லும் மின்கம்பியை உரசிக்கொண்டே வரும். கடைசி நிறுத்தத்தில் வண்டியைத் திருப்ப இடம் தேட வேண்டியதில்லை. கண்டக்டர் இறங்கிக் கயிற்றைப் பிடித்துக் கம்பை மறுபக்கம் சுற்றிவிடுவார். ஓட்டுநர் கைப்பிடியைக் கழற்றிக்கொண்டு அடுத்த மேடைக்கு நடப்பார். இதுவரை பின்பக்கமாக இருந்தது முன்பக்கமாகிவிடும்.

லண்டன் தெருக்களில் மின்சார டிராம் முறையான சேவையாக ஓட 1901 ஆனது. கல்கத்தாவில் 1902. பம்பாயில் 1907. நம்மூரில் 1895 மே 7-லேயே ஓடிவிட்டது. முதலில் தரைக்கடியில் குழி வெட்டி அதற்குள் கம்பி பதித்த கதையையும், அந்த முறையைக் கைவிட்டுத் தலைக்குமேல் கம்பி கட்டிய கதையையும் எட்டாவது அத்தியாயத்தில் பார்த்தோம். 1921-ல் அந்தச் சேவை உச்சத்தில் இருந்தது: 24 கி.மீ. தண்டவாளத்தில் 97 டிராம்கள்.

இப்போது 1947-க்கு வருவோம். சுதந்திரம் வந்த அந்த வருடத்தில் சென்னை மாகாண அரசு இரண்டு காரியங்கள் செய்தது. பேசின் பிரிட்ஜில் நிலக்கரி எரித்து நகரத்துக்கு மின்சாரம் கொடுத்துவந்த மெட்ராஸ் எலெக்ட்ரிக் சப்ளை கார்ப்பரேஷனைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. தனியாரிடமிருந்த நகரப் பேருந்துகளை அரசுடைமையாக்கும் வேலையைத் தொடங்கியது. மின்சாரமும் அரசுடையது, பேருந்தும் அரசுடையது. இரண்டுக்கும் நடுவில் டிராம் மட்டும் ஒரு தனியார் கம்பெனியின் சொத்தாக நின்றது. தண்டவாளத்தைப் பழுதுபார்க்கப் பணமில்லை. பேருந்து வேண்டிய தெருவில் திரும்பும், டிராம் திரும்பாது. வருமானம் தேய்ந்தது. 1950 வாக்கில் கம்பெனி நொடித்துப்போன நிலைக்கு வந்துவிட்டது.

மின் நிலையத்தை எடுத்துக்கொண்ட அரசு, பேருந்தை எடுத்துக்கொண்ட அரசு, டிராமையும் எடுத்துக்கொண்டிருக்கலாம். எடுத்துக்கொள்ளவில்லை.

டிராம் நிற்பதற்கு முந்தைய குளிர்காலத்தில் ராயப்பேட்டை நெடுஞ்சாலை வேறொரு காரணத்துக்காக நாடெங்கும் பேசப்பட்டது. அதே சாலையில் 126-ஆம் எண் வீட்டில், 1952 அக்டோபர் 19-ல் பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் தொடங்கினார். டிசம்பர் 15 இரவு அவர் உயிர் பிரிந்தது. நான்கே நாளில் ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று நேரு அறிவித்தார். சென்னை நகரம் யாருக்கு என்ற கேள்வியில் தமிழர், தெலுங்கர் இரு தரப்பும் கொதித்துக்கொண்டிருந்தன. முதலமைச்சர் ராஜாஜியின் மேசையில் மாநிலப் பிரிவினையின் கோப்புகள் குவிந்திருந்த நேரம் அது. ஒரு கடன்பட்ட டிராம் கம்பெனிக்காக வாதாட அந்த நாள்களில் யாருக்கு நேரம் இருந்திருக்கும்? அப்போது எடுத்த முடிவை இன்று குறை சொல்வது எளிது என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: அந்த முடிவு சென்னைக்கு இழப்பு.

1953 ஏப்ரல் 12. டிராம் சேவை நின்றது.

அன்று கரியமில வாயுவைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. காற்றில் அதன் அளவைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் வேலையே ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-ல் தொடங்கியதுதான். அப்போது பத்து லட்சத்தில் 315 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

* * *

கம்பி இறங்கிய தெருக்களில் டீசல் ஏறியது. 1972 ஜனவரி 1-ல் பல்லவன் போக்குவரத்துக் கழகம் பிறந்தபோது ஆயிரத்துச் சொச்சம் பேருந்துகள் இருந்தன, அத்தனையும் எண்ணெயில் ஓடுபவை. அடுத்த வருடமே மேற்காசியப் போரையொட்டி கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு மூன்று டாலர் அளவிலிருந்து சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. எண்ணெயை இறக்குமதி செய்யும் நாடு எண்ணெயில் மட்டுமே ஓடக் கூடாது என்ற பாடம் டெல்லிக்கு அன்றுதான் உறைத்தது. 1986-ல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் முளைத்ததற்கு வித்து அங்கேதான் விழுந்தது. அந்தக் கதை தனி அத்தியாயம், பிறகு சொல்கிறேன்.

ராயப்பேட்டை தன் போக்கில் மாறியது. இன்று ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் நடந்து பாருங்கள். சீட் கவர், ஸ்டீரியோ, சன் ஃபிலிம், மிதியடி, ஹாரன் என்று காருக்கு வேண்டிய சகலமும் அந்த ஒரே தெருவில் கிடைக்கும். நடைபாதையை ஒட்டிக் காரை நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, கடைப் பையன் உள்ளே குனிந்து சீட் கவரை இழுத்து மாட்டிக்கொண்டிருப்பான். நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு அது. பெட்ரோல், டீசல் கொள்கை எதை மாற்றினாலும் இந்தத் தெருவின் கல்லாப்பெட்டி வரை அது வந்து தட்டும் என்பதைக் கொள்கை எழுதுகிறவர்கள் மனதில் வைக்க வேண்டும்.

மயிலாப்பூருக்கு மின்சார வண்டி திரும்பி வர 44 வருடம் ஆனது. 1997-ல் பறக்கும் ரயில் திருமயிலை வரை நீண்டது. பக்கிங்காம் கால்வாயை ஒட்டிச் சென்ற அந்தப் பாதை ராயப்பேட்டைக்குள் நுழையவில்லை.

* * *

2008 ஜூன் 30. இந்தத் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று டெல்லியில் பிரதமர் மன்மோகன் சிங், பருவநிலை மாற்றத்துக்கான தேசிய செயல் திட்டத்தை வெளியிட்டார். எட்டுப் பெரும் இயக்கங்கள். சூரிய சக்திக்கு ஒன்று, எரிசக்திச் சிக்கனத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு, காட்டுக்கு, வேளாண்மைக்கு என்று தனித்தனியே இருந்தன. போக்குவரத்துக்கென்று தனி இயக்கம் இல்லை. நகர வாழ்வைப் பற்றிய இயக்கத்துக்குள், கட்டடம், குப்பை ஆகியவற்றோடு பொதுப் போக்குவரத்தும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. இதற்குக் கொடுத்த விலையை நாம் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. சூரிய மின்சாரத்துக்குத் தனி இயக்கமும் தனி இலக்கும் இருந்ததால் 2010-ல் 2022-க்குள் 20,000 மெகாவாட் என்று தொடங்கி, 2015-ல் அதை ஒரு லட்சமாக உயர்த்த முடிந்தது. பேருந்துக்கு அப்படிப்பட்ட ஓர் எண்ணைச் சொல்ல அன்று ஆளில்லை.

பிறகு மின்வாகனத்துக்கு வந்தார்கள். 2013-ல் தேசிய மின்வாகன இயக்கத் திட்டம். 2015 ஏப்ரலில் ஃபேம் மானியம். 2019 ஏப்ரலில் பத்தாயிரம் கோடி ரூபாயில் ஃபேம் இரண்டாம் கட்டம். இதில் பேருந்துக்கும் பங்கு உண்டு. 2024 அக்டோபரில் பிஎம் இ-டிரைவ். நடுவே 2021 நவம்பர் 1-ல் கிளாஸ்கோ மாநாட்டில் பிரதமர் மோடி, 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்றார். 2005-ஐ அடிப்படையாகக் கொண்டு, நாட்டின் உற்பத்தி மதிப்புக்கான உமிழ்வு விகிதத்தை 2030-க்குள் 45 சதவீதம் குறைப்பதாக ஐ.நா.விடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

தேதிகளை இப்படி வேகமாகக் கடந்து வருவதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் நடந்தது இந்த வரிசைக்குள் அடங்காது.

2019 ஆகஸ்ட் 26. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி கொடியசைக்க, ஒரு பேருந்து கிளம்பியது. ஏ1 தடம், சென்ட்ரலிலிருந்து திருவான்மியூர். எஞ்சின் உறுமல் இல்லை. சார்ஜ் தீர்ந்தால் ஏறும்வரை காத்திருக்க வேண்டாம். தீர்ந்த பேட்டரியைக் கழற்றி, நிரம்பியதை மாட்டிக்கொண்டு புறப்படலாம். டிராம் நின்று 66 வருடம் கழித்து, மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் பெயரில் மின்சாரத்தில் ஓடும் ஒரு சக்கரம் சென்னை ரோட்டில் உருண்டது.

ஒரே ஒரு பேருந்து. சோதனை ஓட்டம். பத்திரிகைகளில் படம் வந்தது.

அடுத்து நூறு வரும் என்றுதான் நகரம் எதிர்பார்த்தது. சோதனை முடிந்தது, பேருந்து தொடரவில்லை. கொரோனா வந்தது. ஆட்சி மாறியது. பெங்களூரிலும் டெல்லியிலும் மின்சாரப் பேருந்துகள் நூற்றுக்கணக்கில் ஓடத் தொடங்கின. நூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன்பு லண்டனை முந்திய நகரம், நிறுத்தத்தில் டீசல் புகைக்கு நடுவே காத்துக்கொண்டிருந்தது.

காத்திருப்பு முடிந்த தேதி 2025 ஜூன் 30. முன்பு குறித்து வைக்கச் சொன்ன தேதிக்குச் சரியாகப் பதினேழு வருடம். வியாசர்பாடி பணிமனையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகளைத் தொடங்கி வைத்தார். மதிப்பு 207.90 கோடி ரூபாய், உலக வங்கியின் துணை. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 200 கி.மீ. ஓடும். வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்த நிறுவனத்துடையது. டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடிய கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டு அரசு பணம் கொடுக்கும். ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையும் சேர்ந்துகொண்டது.

* * *

இதோடு கதை சுபமாக முடிந்தது என்று நினைத்தால், பென்சிலும் காகிதமும் எடுத்து என்னோடு ஒரு கணக்குப் போடுங்கள்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். நெரிசலில் பேருந்து லிட்டருக்கு நான்கு கி.மீ. கொடுக்கிறது என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.67 கிலோ. மின்சாரப் பேருந்து கிலோமீட்டருக்கு ஒன்றிலிருந்து ஒன்றேகால் யூனிட் எடுக்கும். ஒன்று என்றே வைத்துக்கொள்வோம். மத்திய மின்சார ஆணையத்தின் கணக்குப்படி நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குச் சற்று மேல் வெளியாகிறது.

இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான்!

காரணம் நிலக்கரி. 2025 நடுவில் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி நிலக்கரி, எரிவாயு சாராததாக ஆகிவிட்டது. 2030-க்கு வைத்திருந்த இலக்கை ஐந்து வருடம் முன்னதாகவே எட்டினோம். பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனாலும் சூரியத் தகடு இரவில் வேலை செய்யாது, ஆடிக் காற்று மார்கழியில் வீசாது. நிஜத்தில் உற்பத்தியாகும் யூனிட்டுகளில் சுமார் 70 சதவீதம் இன்றும் நிலக்கரியிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் 11,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. காற்று அடிக்கும் மாதங்களில் கிடைப்பதைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு வளர்ந்தால்தான் கணக்கு மாறும்.

அப்படியென்றால் மின்சாரப் பேருந்து வீணா? இல்லை. கச்சா எண்ணெயைத் தோண்டி, சுத்திகரித்து, லாரியில் கொண்டுவரும்போது வெளியாகும் வாயுவையும் சேர்த்தால் டீசலின் கணக்கு இன்னும் ஏறும். இன்று வாங்கும் பேருந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும். டீசல் வண்டி கடைசி நாள்வரை அதே புகையைத்தான் விடும்; மின்சார வண்டியோ மின்தொகுப்பு சுத்தமாகச் சுத்தமாகத் தானும் சுத்தமாகும். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை வாசலில் மூச்சுத் திணறலோடு ஆட்டோவிலிருந்து இறங்குகிறவரின் முகத்துக்கு நேரே வீசும் கரும்புகை இன்றே நிற்கும். அது ஒன்றே போதும் என்பேன்.

கணக்கை இன்னும் இரண்டு வரி நீட்டுவோம். பேருந்தில் 60 பேர் இருந்தால், டீசலோ மின்சாரமோ, தலைக்குக் கிலோமீட்டருக்கு 11, 12 கிராம் வரும். லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் பைக்கில் ஒருவர் தனியே போனால் 46 கிராம். லிட்டருக்கு 15 கொடுக்கும் பெட்ரோல் காரில் ஒருவர் மட்டும் போனால் 150-ஐத் தாண்டும்.

ஆகவே 1953-ல் சென்னை இழந்ததன் அளவு மின்கம்பியோடு நிற்கவில்லை. ஒரே வண்டியில் பலர் சேர்ந்து போகும் ஓர் ஏற்பாட்டை நகரம் தானாகக் கைவிட்டது. 2021 மே மாதத்தில் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று தமிழ்நாடு அரசு உத்தரவிட்டபோது, அதைப் பருவநிலைத் திட்டம் என்று யாரும் அழைக்கவில்லை. இருக்கையை நிரப்பும் எந்தத் திட்டமும் பருவநிலைத் திட்டம்தான். பேருந்து நேரத்துக்கு வந்தால், நிறுத்தத்தில் நிழல் இருந்தால், ஸ்கூட்டருக்குத் தவணை கட்ட நினைத்த ஒருவர் அந்த எண்ணத்தை ஒரு வருடம் தள்ளிப்போடுவார். டெல்லியின் மானியக் கொள்கைகள் வண்டியை எண்ணின, வண்டிக்குள் இருக்கும் ஆளை எண்ணவில்லை. இதை மாற்றாமல் 45 சதவீதமும் வராது, 2070-ம் வராது.

ராயப்பேட்டைக்கு அடியில் இப்போது அந்தப் பழைய கடனை அடைக்கும் வேலைதான் நடக்கிறது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் போகும் மெட்ரோ மூன்றாம் வழித்தடம், ஆயிரம் விளக்கு, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, ராதாகிருஷ்ணன் சாலை, திருமயிலை என்று நிலத்துக்கு அடியில் வருகிறது. டிராம் போன திசையேதான். இரண்டாம் கட்டத்தின் மொத்த நீளம் 118.9 கி.மீ., மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபர் 3-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அந்த ரயிலுக்கும் கரண்ட் வேண்டும். எங்கிருந்து வரும்?

டிராம் காலத்தில் பேசின் பிரிட்ஜ். நகரம் வளர வளரப் புகைக்கூண்டுகள் இன்னும் வடக்கே நகர்ந்தன. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம். 1990-களில் வடசென்னை. பிறகு வல்லூர், 1,500 மெகாவாட். மயிலாப்பூரில், ராயப்பேட்டையில், தி.நகரில் விளக்கு எரிய, எரிந்த நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்தது. இறால் பிடித்தவர்களின் வலையில் சேறும் சாம்பலும் சேர்ந்து ஏறின. தென்சென்னைக்காரர்களின் கண்ணுக்கு அது எட்டவில்லை.

2017 பொங்கல் நாளில் ஒரு காணொளி வெளிவந்தது. எண்ணூரின் சாம்பல் நிலத்தில், அனல்மின் நிலையப் பின்னணியில், ஒரு பாடகர் நின்று பாடுகிறார். ராயப்பேட்டை டி.டி.கே. சாலையில் இருக்கும் மியூசிக் அகாடமி மேடையில் தென்சென்னை பார்த்துப் பழகிய முகம். டி.எம். கிருஷ்ணா. பல ராகங்களில் அவர் பாடியது தெய்வத்தை அல்ல, புறம்போக்கை.

மூன்று மாதத்துக்குள், அந்த மார்ச் 31-ல், எண்ணூரின் பழைய அனல்மின் நிலையம் நிரந்தரமாக மூடப்பட்டது. மீனவர் குப்பங்கள் பெருமூச்சு விட்டன என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அதற்கு வடக்கே, அதே கழிமுகப் பகுதியில், 800 மெகாவாட் நிலக்கரி நிலையம் ஒன்றின் கட்டுமானம் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை மூடிய கையே இன்னொன்றை எழுப்பியது ஏன்? அதே வருடத்தில் எண்ணூர் ஆற்றுக்குள் இறங்கிய மீனவர்கள் கேட்டது என்ன?

(தொடரும்)